பந்திகபாயோன் வெண்கலக் காசுகளில் கிரிஃபின்

கிரிமியாவின் கிழக்கு முனையிலுள்ள கெர்ச் நகரமே பண்டைக் கிரேக்கர் குடியேறி நிறுவிய பந்திகபாயோன் ஆகும். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு அடிக்கப்பெற்ற வெண்கலக் காசுகளின் ஒரு புறம் தாடியுடைய தலையும் மறுபுறம் கிரிஃபினின் முன்பாதியும் காணப்படுகின்றன. கழுகுத் தலையும் சிங்க உடலும் சிறகுகளும் கொண்ட இக்கற்பனை விலங்கு வடகோடியில் பொன்னைக் காத்து வந்ததாக வழங்கிய கதையை ஹெரோடோட்டஸ் பதிவு செய்துள்ளார்.

தாடித்தலை யாருடையது? காசிலுள்ள ‘பான்’ என்னும் எழுத்துகள் நகரப் பெயரின் தொடக்கமே. எனினும் அவ்வொலியொப்புமை கொண்டு அதனைப் பான் தேவன் என்பர் சிலர். பானுக்குரிய ஆட்டுக்கொம்புகள் இங்கில்லை; கூரிய விலங்குச் செவிகளே உள்ளன. ஆதலின் சாட்டிர் என்னும் வன உயிரி எனக் கொள்வதே பொருந்தும். அந்நாட்டை ஆண்ட முதலாம் சாட்டிரோஸின் பெயரை இது குறிப்பாலுணர்த்துகிறது என்பாரும் உளர். அம்மன்னன் மறைந்து பல்லாண்டு கழிந்தே இக்காசுகள் வெளிவந்தமையால் இக்கருத்து ஐயத்திற்குரியது.

இவற்றினும் கருதத்தக்கது கிரிஃபினின் கீழுள்ள சிற்றுருவம். அந்நகரின் பொற்காசுகளில் கிரிஃபின் தானியக் கதிர்மீது நிற்கிறது. போஸ்பரஸ் நாட்டிலிருந்து ஏதென்ஸுக்கு ஏறத்தாழ 4,00,000 மெதிம்னோஸ் தானியம் வந்ததாக தெமோஸ்தனிஸ் கி.மு. 355 அளவில் உரைத்தார். வெண்கலத்திலோ கதிர் இல்லை. ஸ்டர்ஜன் மீன் உள்ளது. பொன் கடல் கடந்த வணிகத்திற்குரியது. வெண்கலம் உள்ளூர்ச் சந்தையில் கைமாறியது. அச்சந்தையின் வாழ்வே காசில் பதிந்துள்ளது எனலாம். நீரிணை உறையும் காலத்தில் பனிக்கட்டியைத் தோண்டி இம்மீன்களை எடுத்தனர் என்றும் அவை டால்பின் அளவினவாக இருந்தன என்றும் ஸ்ட்ராபோ குறிப்பிட்டுள்ளார்.