புக்கிட் தீமாவின் நிழல் வழிகள்

சிங்கப்பூர் நகரின் நடுவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்றால் புக்கிட் தீமா என்னும் குன்று எதிர்ப்படும். அதன் உயரம் 163 மீட்டருக்குச் சற்று மிகுதி. பொதியிலையும் இமயத்தையும் மலையென்று சொல்லிப் பழகிய தமிழர்க்கு இதனை மலை என்றழைக்கச் சிறிது தயக்கமாகத்தான் இருக்கும். ஆயினும் இத்தீவில் இதனினும் உயர்ந்த இயற்கை மேடு வேறில்லை. அதனைச் சூழ்ந்த இயற்கைக் காப்பகத்தின் பரப்பும் 163 ஹெக்டேரே. உயரத்துக்கும் பரப்புக்கும் ஒரே எண் வாய்த்தது பிள்ளைகள் நினைவில் இருத்திக்கொள்ள நல்ல வசதி. மலாய் மொழியில் 'தீமா' என்றால் வெள்ளீயம். குன்றில் வெள்ளீயம் எடுத்தாரில்லை. 'தெமாக்' என்னும் மரத்தின் பெயரே கேட்டவர் காதில் திரிந்து இவ்வாறாயிற்று என்று கூறுவாரும் உளர்.

அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் செல்லும் வழி ஒரு கிலோமீட்டருக்குச் சிறிதே கூடுதல். அதன் இருமருங்கும் கிளைக்கும் சிறு பாதைகளும் நீண்டவையல்ல. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தாத்தாவும் பேரனுமாகச் சென்று பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். உச்சி வெயிலிலும் அங்கே குடை வேண்டா. முகடுகளில் நிற்கும் செராயா மரங்கள் பல மாடிக் கட்டடங்களின் உயரத்துக்கு வளர்ந்து தலைக்குமேல் பந்தலிட்டிருக்கின்றன. அவற்றின்கீழ் இரண்டாம் அடுக்கு, அதன்கீழ் மூன்றாம் அடுக்கு என்று இலைகள் வெயிலை வடிகட்டுவதால், தரைக்கு வந்து சேரும் ஒளி மிகச் சிறு பங்கே.

இத்தகைய நிழல் ஒரு தலைமுறையில் உண்டாவதன்று. செராயா இனத்து மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. பல ஆண்டுகள் வாளாவிருந்து, திடுமென ஒரு பருவத்தில் காடே சேர்ந்து பூத்துச் சிறகுள்ள காய்களைச் சுழலவிடும். விழுந்த விதையும் நெடுநாள் காத்திராது. சில நாள்களில் முளைக்காவிட்டால் கெட்டுப்போகும். தாய்மரங்களை வெட்டிய இடத்தில் நாளை நட்டுக்கொள்வோம் என்பது இக்காட்டில் செல்லாது. சிங்கப்பூர்த் தீவு முழுவதும் ஒருகாலத்தில் பெரும்பாலும் இத்தகைய காடே. அதில் இக்குன்றின் காடு மட்டும் எவ்வாறு தப்பியது? நாம் இன்று நிழலை நாடிச் செல்லும் இடத்தை முதலில் திறந்துவிட்டவர்கள், பெரும்பாலும், அந்நிழலை அழிக்கப் புகுந்தவர்களே என்பதுதான் இக்கதையின் விந்தை.

1819இல் ஆங்கிலேயர் இங்குக் கால்வைத்த பின்னர், காடு மிளகுக்கும் காம்பியருக்கும் இரையாயிற்று. காம்பியர் என்பது நமக்கு அயலான பொருளன்று. நம் முன்னோர் வெற்றிலையோடு மென்ற கத்தக்காம்பே அது. தோல் பதனிடுவதற்கும் அது வேண்டியிருந்தமையால் மேல்நாட்டுச் சந்தையில் நல்ல விலை பெற்றது. சீனக் குடியானவர் அதன் இலையைப் பெரிய கொப்பரைகளிலிட்டுக் காய்ச்சினர். பயிரிடுவதற்கு ஒரு காடு, காய்ச்சும் அடுப்புக்கு விறகாக மற்றொரு காடு என்று இருபுறமும் அழிந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்குள் செல்வர். அவ்வாறு உட்புகுந்தவர்களைப் புலிகள் எதிர்கொண்டன. நாளொன்றுக்கு ஒருவர் புலிக்கு இரையாவதாக அந்நாளில் பரவலாகச் சொல்லப்பட்டது. கணக்கில் மிகையிருக்கலாம்; அச்சத்தில் மிகையில்லை.

புக்கிட் தீமாச் சாலை தீவைக் குறுக்கே கடந்து 1845இல் நிறைவுற்றது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1843இல், குன்றின் உச்சிக்கு ஒரு வழி அமைந்துவிட்டது. அந்நாளில் சிங்கப்பூரின் அரசாங்கச் சாலைப் பணி பெரும்பாலும் இந்தியக் கைதிகளின் கைகளால் நடந்தது. 1825ஆம் ஆண்டு ஏப்ரலில் பென்கூலனிலிருந்து முதற்குழுவாக வந்திறங்கிய 80 பேர் சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்கள். அவர்களுள் பெண் ஒருத்தியும் இருந்தாள். அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் வந்தனர். சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர்களும், சாலைக்குக் கல்லுடைத்தவர்களும், செங்கல் சுட்டவர்களும், புனித ஆண்ட்ரூ தேவாலயத்தை எழுப்பியவர்களும் அவர்களே. புலி வேட்டைக்கும் கைதிகள் அனுப்பப்பட்டதுண்டு. 1873இல் கைதிச்சிறை மூடப்பட்ட பின்னர் பலர் இங்கேயே குடும்பம் பெருக்கி மக்களோடு மக்களாகக் கலந்துவிட்டனர். குன்றுகளுக்கும் சாலைகளுக்கும் ஆளுநர் பெயரும் பொறியாளர் பெயரும் கிடைத்தன. கல் சுமந்தவன் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம், "இந்தச் சாலையைப் போட்டது யார்?" என்று கேட்பது என் வழக்கம். "அரசாங்கம்" என்றே விடை வரும். அது பிழையான விடையன்று. ஆனால் அரசாங்கத்துக்கு மண்வெட்டி பிடிக்கும் கை இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

1854ஆம் ஆண்டு, ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் முப்பத்தொரு வயது ஆங்கிலேயர் இக்குன்றின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளில் டார்வினோடு ஒப்பவைத்து எண்ணப்படப்போகிறவர் அவர். அன்றோ, பூச்சி பிடித்து விற்றுப் பிழைத்தவர். 1846 முதல் அங்கே கோயில் நடத்திவந்த பிரெஞ்சுப் பாதிரியாரின் இல்லத்தில் தங்கினார். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அவர் திரட்டிய வண்டினங்கள் 700; அவற்றுள் நீண்ட உணர்கொம்புடைய வண்டுகள் மட்டும் 130 வகை. இவையனைத்தும் பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டுத்துண்டில் அகப்பட்டவை. நடக்கும்போது அவருக்கிருந்த கவலை புலியைப் பற்றியது மட்டுமன்று, புலிக்குழியைப் பற்றியதுமாகும். குச்சியும் இலையும் பரப்பி மறைத்த அக்குழிகள் அடியில் அகன்றும் வாயில் குறுகியும் இருக்கும். ஆழம் 15 முதல் 20 அடி. முற்காலத்தில் அடியில் கூர்ங்கழியும் நட்டிருந்தனராம். வழிப்போக்கர் ஒருவர் அதில் விழுந்து இறந்தபின் கழி நடுவது தடுக்கப்பட்டது. இச்செய்திகளையெல்லாம் 1869இல் வெளிவந்த தம் மலாய்த் தீவுக்கூட்ட நூலில் வாலஸ் எழுதிவைத்திருக்கிறார்.

ஒரு சிறு இடத்தில் இத்தனை வண்டுகள் எவ்வாறு கிடைத்தன என்பதற்கு அவரே காரணம் கூறுகிறார். சீன மரவெட்டிகள் அங்கே இடைவிடாது மரம் வீழ்த்திப் பலகை அறுத்துக்கொண்டிருந்தனர். விழுந்த மரமும், உரிந்த பட்டையும், அழுகும் இலையும், மரத்தூளும் புழுக்களுக்கு விருந்தாயின. அவற்றைத் தேடி வண்டுகள் வந்தன. வண்டுகளைத் தேடி வாலஸ் வந்தார். அவர் நடந்த வழிகளும் மரவெட்டிகள் திறந்த வழிகளே. காடு செழித்திருந்ததைக் காட்டும் சான்று என்று நாம் போற்றும் அப்பட்டியல், காடு வெட்டுண்ட வேளையில் எழுதப்பட்டது. வரலாற்றில் இத்தகைய இரட்டைச் சான்றுகள் பல. அவற்றை ஒருபுறம் மட்டும் படித்துவிட்டுப் போவது நமக்கு எளிது.

இக்காட்டில் 'தாபான்' என்னும் மரத்தின் பெயரால் ஒரு பள்ளத்தாக்கும் ஒரு பாதையும் வழங்குகின்றன. அம்மரத்தின் பாலே கட்டா பெர்ச்சா. வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் இயல்புடைய அப்பாலை மலாய் மக்கள் கத்திப்பிடி செய்யப் பயன்படுத்தினர். சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த மாண்ட்கோமரி அதனை இங்கிலாந்தின் அறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். குன்றுக்கு வழி அமைந்த அதே 1843ஆம் ஆண்டில் அப்பொருள் இலண்டனில் காட்சிக்கு வந்தது. கடலடியில் செல்லும் தந்திக் கம்பிக்கு நீர் புகாத உறையாக அதனினும் ஏற்றது அன்று வேறில்லை. 1851இல் ஆங்கிலக் கால்வாயிலும், பின்னர் அட்லாண்டிக் மாகடலிலும் தந்தி வடங்கள் இறங்கின. 1871இல் சென்னையையும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரையும் இணைத்த வடமும் அவ்வாறே. இரப்பர் மரத்தைப்போல் தாபானைக் கீறிப் பால் வடித்துக்கொண்டிருக்க முடியாது. பால் விரைந்து உறைந்துவிடும். ஆகவே மரத்தையே வீழ்த்திச் சிறிதளவு பால் எடுத்தனர். சில ஆண்டுகளுக்குள் சிங்கப்பூரில் வளர்ந்த தாபான் மரங்கள் ஏறத்தாழ அற்றுப்போயின. ஊருக்கு ஊர் கடிதம் போகத் திங்கள் பல ஆகும் என்ற நிலை மாறி, சென்னையில் பேசிய விலை அன்றே சிங்கப்பூரை எட்டியது. அவ்வசதிக்குத் தாபான் கொடுத்த விலையை எந்த வணிகனும் தன் கணக்கேட்டில் எழுதவில்லை.

மரம் தீர்ந்துவிடும் என்னும் கவலை அரசாங்கத்துக்கு வந்தது காலம் கடந்தே. நம்மவர் 'பூமலை' என்று வழங்கும் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தேனியல் காண்ட்லி 1883இல் காடுகளைப் பற்றிய அறிக்கையொன்று அளித்தார். தீவில் நல்ல காடாக எஞ்சியிருந்தவை அங்கொன்றும் இங்கொன்றுமான துண்டுகளே. அவரது அறிக்கையின் பயனாகப் புக்கிட் தீமா உள்ளிட்ட பகுதிகள் ஒதுக்கப்பட்டன. இதனை இயற்கையின்பால் கொண்ட அன்பு என்று மிகைப்படுத்த வேண்டியதில்லை. நாளை மரம் வேண்டுமே என்ற கணக்குத்தான். காண்ட்லிக்குப்பின் 1888இல் வந்த ரிட்லி இரப்பரைப் பரப்பியவர் என்று பெயர் பெற்றவர். தீவின் செடிகொடிகளை ஓயாது தேடித் தொகுத்தவரும் அவரே. ஒரே மனிதரின் கை, தோட்டத்துக்கும் காட்டுக்கும் சேர்ந்தே பணி செய்தது. 1930களில் ஒதுக்கப்பட்ட காடுகள் ஒவ்வொன்றாக விடுவிக்கப்பட்டபோதும், தாவர விலங்குகளின் பாதுகாப்புக்கென்று நிறுத்திவைக்கப்பட்ட சிலவற்றுள் புக்கிட் தீமா இடம்பெற்றது. 1951இல் இயற்கைக் காப்பகச் சட்டம் பிறந்து அதற்கு வலிமை தந்தது.

இடையே போர் வந்தது. 1942 பிப்ரவரியில் இக்குன்றைச் சுற்றிக் கடும் சண்டை நிகழ்ந்தது. அங்கிருந்த கிடங்குகளை இழந்த ஆங்கிலேயர், 15ஆம் நாள் அதே சாலையிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைந்தனர். குன்றின் மேற்குச் சரிவைக் கருங்கல் குவாரிகள் நெடுங்காலம் அறுத்துத் தின்றன. இன்று அவற்றுள் சில, நீர் நிறைந்த பச்சைக் குளங்களாக நிற்கின்றன. வடபுறத்தில் 1930ஐ ஒட்டித் தோன்றிய பால்பண்ணையும் மறைந்தது. அதன் பழைய மாட்டுக்கொட்டகையொன்றில் 2009இல் வாலஸின் பெயரால் ஒரு கல்வி நிலையம் ஏற்பட்டது. அருகிலுள்ள குறும்பாதைக்கும் அவர் பெயரே. பண்ணையில் கறந்த கைகளின் பெயர்களை அங்கே எதிர்பார்த்துச் செல்ல வேண்டா.

1986இல் நிறைவெய்திய விரைவுச்சாலை ஒன்று, இக்குன்றின் காட்டை அதனோடு ஒட்டியிருந்த நடுத்தீவு நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்துவிட்டது. வெட்டப்பட்ட மரங்களின் எண்ணிக்கை அதன் முழுக்கேடன்று. 163 ஹெக்டேர்க் காடு தனித்தீவானால், அதிலுள்ள சிறு உயிர்கள் தங்களுக்குள்ளேயே இனம் பெருக்கி மெலியும். அப்பால் செல்ல முயன்றவை வண்டிச் சக்கரங்களில் மாண்டன. மரவெட்டி திறந்த ஒற்றையடிப் பாதை, அவன் கைவிட்ட சில ஆண்டுகளில் மூடிக்கொள்ளும். தார் மூடிய ஆறுவழிப் பாதை எத்தனை மழைக்கும் மூடிக்கொள்ளாது. வேறுபாடு அளவில் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நடப்பவர்களால் வந்த தேய்வும் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் பேரின் காலடிகள் மண்ணை அரித்து வேர்களை வெளிக்காட்டியதால், 2014 செப்டம்பரில் தொடங்கி வழிகள் மூடப்பட்டன. சரிவுகளுக்கு முட்டுக் கொடுத்து, சில இடங்களில் தரையைத் தொடாத மேடைப்பாதையும் அமைத்து, 2016 அக்டோபரில் முழுவதும் திறந்தனர். மூடியது தேவைதானா என்று முணுமுணுத்தவர் பலர். அவர்களெல்லாம் மீண்டும் வந்து நடந்தனர்.

அதற்கு முன்னரே, 2013இல், விரைவுச்சாலையின்மேல் ஒரு பாலம் எழுந்தது. நீளம் 62 மீட்டர். இடை சுருங்கிய உடுக்கைபோன்ற வடிவம். மிகக் குறுகிய இடத்திலும் அகலம் 50 மீட்டர். அதன்மேல் மண் கொட்டி மரங்கள் நட்டனர். உலாவச் செல்வோர்க்கென்று கட்டியதன்று அது. 1843 முதல் இக்குன்றில் எத்தனையோ வழிகள் உண்டாயின; மனிதனுக்கன்றி வேறோர் உயிருக்காக அமைந்த வழி இதுவே. நட்ட கன்றுகள் இன்னும் பந்தலாகாத முதற்சில ஆண்டுகளிலேயே, அங்கே வைத்திருந்த படக்கருவியில் ஓர் உருவம் பதிவாயிற்று. செதிள் போர்த்து, மூக்கைத் தரையில் பதித்து, கீழே ஓடிய வண்டிகளைப் பொருட்படுத்தாமல், அழுங்கு ஒன்று இரவில் சாலையைக் கடந்துகொண்டிருந்தது.