முத்திரையும் மின்கையொப்பமும்

புனேயில் பேணப்படும் பேஷ்வா தஃப்தரின் காலத்து மராட்டிய ஆணைகளில், எழுத்து முடிந்த இடத்தில் ஒரு சிறு முத்திரையைக் காண்கிறோம். அதன்கீழ் எதனையும் சேர்த்தல் ஆகாதென்பதே அதன் பொருள். நம் சோழர் செப்பேடுகளை வளையத்திற் கோத்து அரச முத்திரையிட்டதும், இடையில் வேற்றேடு நுழையாதிருக்கவே.

மின்னேட்டிற்கு அக்காவலைக் கணிதம் அளிக்கிறது. ஏட்டிலிருந்து கணித்த சுருக்க எண்ணை ஒப்பமிடுவோர் தம் மறைசாவியாற் பூட்டுகிறார். எவரும் அவரது பொதுச்சாவியால் அதனைச் சோதிக்கலாம். ஓரெழுத்து மாறினும் எண் ஒவ்வாது. சாவி இன்னாருடையதென உரிமம் பெற்ற நிறுவனம் சான்றளிக்கிறது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் அவற்றுள் ஒன்று. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குக் கையொப்பத்தின் தகுதியை வழங்கியது.

ஆயினும் உயிலை அச்சட்டம் விலக்கியே வைத்துள்ளது. ஊரில் நிலமும் உறவும் விட்டு வந்த நாம் இதனை மறத்தலாகாது: உயிலுக்குத் தாளும் மையும் இரு சாட்சிகளும் இன்றும் இன்றியமையாதன.