அயனி மண்டல ஆராய்ச்சி

பூமிக்கு மேலே சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி, சூரியனின் புறஊதாக் கிரணங்களாலும் எக்ஸ் கிரணங்களாலும் மின்னேற்றம் பெற்று விளங்கும் வாயுமண்டலப் பகுதியை ரேடியோ அலைகளைக் கொண்டு ஆராயும் விஞ்ஞானத் துறை. 1901-இல் மார்க்கோனியின் சமிக்ஞை அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்ததற்கு, அலைகளைத் திருப்பும் மின்படலம் ஒன்று வானில் இருப்பதே காரணமாகலாம் என்று கென்னெலியும் ஹெவிசைடும் 1902-இல் தனித்தனியே ஊகித்தனர். 1924 டிசம்பரில் ஆப்பிள்டனும் பார்னெட்டும், போர்ன்மத் ஒலிபரப்பு நிலையத்தின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றச் செய்து, தரைவழி வந்த அலையும் வானில் பிரதிபலித்து வந்த அலையும் கலந்ததனால் சமிக்ஞை மாறிமாறி வலுத்தும் மெலிந்தும் வந்ததை ஆக்ஸ்போர்டில் அளந்து, அப்படலம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளதென நிரூபித்தனர். 1925-இல் பிரைட்டும் டூவும் கையாண்ட, அலைத்துடிப்பு சென்று திரும்பும் காலத்தை அளக்கும் முறையே இம்மண்டலத்தை அளவிடும் இன்றைய கருவிகளுக்கும் ஆதாரமாகும்.