மண ஓலையும் அச்செழுத்தும்

திருமணம் உறுதியானதும் நம் ஜனக்புரி இல்லங்களில் எழும் முதற்கேள்விகளுள் ஒன்று, "பத்திரிகை எங்கே அடிப்பது?" என்பது. பக்கத்து எழுதுபொருட் கடையில் மாதிரிகள் சில உண்டு. பலவகை வேண்டுவோர் மெட்ரோவில் ஏறி, ராஜீவ் சவுக்கில் வண்டி மாறி, சாவ்ரி பஜாரில் இறங்குவர். பழைய டெல்லியின் அத்தெரு தாளுக்கும் மண அழைப்பிதழுக்கும் பெயர் பெற்றது. ஆங்கே பிள்ளையார் உருவும் பொன்வண்ணமும் எளிதிற் கிடைக்கும். அத்தாளில் ஏறும் தமிழெழுத்து வந்த வழியோ நெடியது.

1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாயிற்று. 1713-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ் அச்சு வேலையைத் தொடங்கினார். ஆயினும் நெடுங்காலம் அச்சுக்கலை பெரும்பாலும் சமயத் தொண்டர் கையிலும் அரசினர் கையிலுமே இருந்தது. 1835-இல், மெட்காஃப் ஆட்சியில், உரிமக் கட்டுப்பாடு நீங்கியபின் நம்மவர் அச்சகங்கள் பெருகின. நூலுக்கென வந்த அச்சு, நாளடைவில் இல்லத்து மங்கல நிகழ்ச்சிக்கும் பயன்படலாயிற்று.

ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்த காலத்தில், தமிழ் எழுத்தில்லாத அச்சகத்தில் தமிழ் அழைப்பிதழ் அடித்தல் இயலாது. ஆதலின் வடக்கே குடியேறியோர் பலர் சொந்த ஊரிலிருந்தே அதனை வரவழைத்தனர். கணினி வந்து அத்தடையை நீக்கிற்று. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது.

எழுத்து கிடைத்துவிட்டது, படித்துத் திருத்துவார் யார்? தமிழறியாத கடைக்காரர்க்குக் கொம்பும் காலும் பிரிந்து நிற்பதும், மெய்யின் புள்ளி மறைவதும், 'ழ'கரம் 'ல'கரமாவதும் தெரியா. மெய்ப்புப் பார்க்க வேண்டியவர் நம் வீட்டாரே. முதியோர் உள்ளவரை அது நடக்கும். அவர்க்குப்பின் படிப்பாரின்றேல், அழைப்பிதழிலுள்ள தமிழ் பிள்ளையார் படத்தைப் போன்றதோர் அணியாகவே நின்றுவிடும்.

பழைய பத்திரிகையொன்றை எடுத்துப் பாருங்கள். 1978-இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தியதாயின், யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை'யைக் காண்பீர்கள். தமிழாண்டின் பெயர், முகூர்த்த நாழிகை, பாட்டனார் பெயர், பூர்விக ஊர் யாவும் அதில் இருக்கும். தலைநகரில் பிறந்த நம் பிள்ளைகட்குத் தம் குலவரலாறு எழுத்து வடிவில் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அஃதொன்றே.

ஆதலின் அத்தகைய பத்திரிகைகளைப் பேணி வைப்போம். அடுத்த திருமணத்தின்போது, மெய்ப்புத்தாளை முதலில் வீட்டின் இளையோர் கையிற் கொடுத்து, உரக்கப் படிக்கச் செய்வோமாக.