எது துப்பாக்கி? – ஒரு சொல்லின் வரலாறு



திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் 'துப்பாக்கி' என்னும் சொல் வருகிறது. அங்கே அதற்கு 'உணவாக ஆக்கி' என்று பொருள். சுடும் கருவியைக் குறிக்கும் துப்பாக்கியோ துருக்கி மொழியிலிருந்து வந்த சொல் என்று தமிழ் அகராதியாளர் குறிப்பர். மலாய் மொழியின் 'செனாப்பாங்' டச்சு மொழியிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்த கருவிக்குக் கடல் கடந்து வந்த பெயர்!

சொல்லின் பிறப்பைச் சொல்லிவிடலாம். பொருளைச் சொல்வதுதான் கடினம். எது துப்பாக்கி? முழுதாகச் செய்து முடித்ததா? பாதி செய்த உறுப்பா? தண்ணீர்க் குழாயும் மரக்கட்டையும் எந்தக் கணத்தில் துப்பாக்கியாகின்றன? இந்த வினாவை விளையாட்டு என்று எண்ண வேண்டா. இதன் விடையைப் பொறுத்துச் சிலர் தூக்குமேடை ஏறியிருக்கின்றனர். சிலர் உயிர் பிழைத்திருக்கின்றனர்.

அமெரிக்காவில் எழுந்த வழக்கு

முதலில் அண்மைச் செய்தி. அமெரிக்காவின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. துப்பாக்கியின் விசையும் சுத்தியலும் பொருந்தும் நடுச்சட்டகத்தையே அச்சட்டம் துப்பாக்கியின் உயிர்நிலையாகக் கொண்டது. விற்பவர் உரிமம் பெற வேண்டும். ஆயுதத்தில் வரிசை எண் பொறிக்க வேண்டும். வாங்குபவரின் பின்னணியை ஆராய வேண்டும் என்பன அதன் விதிகள்.

வணிகர்கள் ஒரு வழி கண்டுபிடித்தனர். நடுச்சட்டகத்தைச் சற்றுக் குறையாகச் செய்து, மற்ற உறுப்புகளோடு ஒரே பெட்டியில் அடைத்து விற்றனர். 'இது துப்பாக்கியன்று, வெறும் உறுப்புகள்' என்றனர். வாங்கியவர் வீட்டில் துளையிட்டு, தேய்த்து, பொருத்திக்கொண்டால் வரிசை எண் இல்லாத துப்பாக்கி உருவாகிவிடும். எங்கிருந்து வந்தது என்று காவல் துறையால் கண்டறிய இயலாததால் இதற்குப் 'பேய்த் துப்பாக்கி' என்ற பெயர் அமைந்தது. 2017இல் ஏறக்குறைய 1,600 பேய்த் துப்பாக்கிகளின் மூலத்தை அறியுமாறு காவல் அமைப்புகள் நடுவண் அரசைக் கேட்டன. 2021இல் அந்த எண்ணிக்கை 19,000ஐத் தாண்டியது.

ஆகவே அந்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டு மே மாதம் புதிய விதியொன்றை முன்மொழிந்து, 2022இல் நடைமுறைப்படுத்தியது. எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய பெட்டியும் முடிவுறாத சட்டகமும் துப்பாக்கியே என்றது அவ்விதி. எதிர்த்து வழக்கு எழுந்தது. 2025 மார்ச் 26ஆம் நாள், உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் விதியை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச் நாள்தோறும் நாம் பேசும் மொழியையே சான்றாகக் காட்டினார். கடையிலிருந்து பெட்டியில் வரும் மேசையைப் பொருத்தப் பல மணி நேரம் ஆகலாம். இருந்தும் அதை 'மேசை' என்றுதானே சொல்கிறோம்? வழக்கில் பேசப்பட்ட ஒரு பெட்டியைத் துப்பாக்கியாக்க 21 நிமிடங்களே போதுமாயிருந்தன.

மொழி கற்பிக்கும் நமக்கு இத்தீர்ப்பு சுவையானது. ஒரு பெயர்ச்சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதே அங்கு வழக்காகிவிட்டது!

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்த வினாவை நம் நாடு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டுவிட்டது. மலேசியாவின் ஆயுதச் சட்டம் 1960, குண்டு பாய்ச்சவல்ல குழலுடைய ஆயுதத்தோடு நிற்கவில்லை. அவ்வாறு பாய்ச்சும்படி மாற்றியமைக்கக் கூடியதையும் சேர்த்துக்கொண்டது. அதன் உறுப்புகளையும் ஆயுதம் என்றே கொண்டது. காற்றுத் துப்பாக்கியும் அதற்குள் அடங்கும். உரிமமின்றி ஆயுதம் வைத்திருத்தலும் குற்றம், செய்தலும் குற்றம். போலித் துப்பாக்கி வைத்திருப்போரையும் இச்சட்டம் விட்டுவைக்கவில்லை.

இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959உம் இவ்வாறே ஆயுதத்தின் உறுப்புகளையும், ஆயுதம் செய்யும் பொறிகளையும் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் வைத்தது. ஆனால், வீட்டுக்கும் உழவுக்கும் உரிய பொருள்களையும் சாதாரண ஊன்றுகோலையும் விலக்கி வைத்தது. உழவனின் கைத்தடியை நினைத்துப் பார்த்த சட்டம் அது!

நம் சட்டம் இவ்வளவு அகலமாக வலை விரித்தது ஏன்? விடை நம் வரலாற்றில் இருக்கிறது.

பினாங்கு முதல் புடு சிறை வரை

ஜார்ஜ்டவுனில் லெபோ கெனன் என்றொரு தெரு உண்டு. பீரங்கித் தெரு என்று பொருள். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பத்து நாள்கள் இந்நகரில் பெருங்கலவரம் நடந்தது. கீ ஹின், துவா பெக் கோங் என்னும் இரு சீன இரகசியச் சங்கங்கள் மோதிக்கொண்டன. வெள்ளைக் கொடி, செங்கொடி என்னும் முஸ்லிம் கூட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டன. அப்போது பாய்ந்த பீரங்கிக் குண்டுகளே அத்தெருவின் பெயருக்குக் காரணம் என்று சொல்லப்படுகிறது. பினாங்கு நேரடியாகப் பிரிட்டிஷ் முடியாட்சியின் கீழ் வந்து ஐந்து மாதங்கூட ஆகாத நேரம் அது. அச்சம் கொண்ட அரசு அடுத்தடுத்துக் கடுஞ்சட்டங்களை இயற்றியது. 1869இல் ஆபத்தான சங்கங்களை ஒடுக்கும் சட்டம் வந்தது. கலவரம் முந்தும், சட்டம் பிந்தும் என்பதை நம் ஊரே அன்று கண்டது.

இரண்டாம் உலகப் போர் மலாயாக் காடுகளில் துப்பாக்கிகளை விதைத்துச் சென்றது. 1945 டிசம்பரில் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்த வீரருக்கு 350 வெள்ளி வழங்கப்பட்டது. ஆனாலும் எல்லா ஆயுதங்களும் வந்து சேரவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி ஏந்தினால் மரண தண்டனை என்று அவசரகால விதிகள் கூறின. சுட்டிருக்க வேண்டியதில்லை; கையில் இருந்தாலே போதும்.

அவ்விதி பறித்த உயிர்களுள் ஒன்று எஸ். ஏ. கணபதியின் உயிர். தஞ்சை மண்ணில் பிறந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர். தோட்டத் தொழிலாளியின் கூலிக்காகக் குரல் கொடுத்தவர். கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். நேருவின் அரசு விடுத்த வேண்டுகோள் பயனளிக்கவில்லை.

அதே காலத்தில் ஜொகூரில் இன்னொரு தமிழர், சம்பாசிவம் என்பவர், அதே குற்றச்சாட்டில் சிக்கினார். தோட்டா வைத்திருந்த குற்றத்திலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். துப்பாக்கி ஏந்திய குற்றத்திற்காக மீண்டும் விசாரிக்கப்பட்டு, மரண தண்டனை பெற்றார். இலண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அத்தண்டனையை நீக்கியது. ஒருமுறை முறைப்படி விடுவிக்கப்பட்ட குற்றத்தை உண்மைபோல மீண்டும் அவர்மீது சாட்டக்கூடாது என்பது அதன் முடிவு. இன்றும் உலகெங்கும் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது. அதில் நிலைத்திருப்பது ஒரு தமிழனின் பெயர்.

ஒரே விதி, இரு தமிழர்கள். ஒருவருக்குக் கயிறு, மற்றவருக்கு வாழ்வு.

பதினான்கு வயதுச் சிறுவன்

அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுற்றது. அதன் நிழலிலேயே ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தன. பின்னர், 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் மறக்கக்கூடாத நிகழ்ச்சி 1977இல் நடந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிறார்க்குரிய சட்டம் அங்கே அவனைக் காக்கவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டனை ஒன்றே. வயதைப் பார்க்கவும் சூழலைப் பார்க்கவும் நீதிபதிக்கு இடமில்லை. பிறகு மன்னிப்பின் வழியாக அவன் உயிர் தப்பினான். நம் கணக்கில் பதினான்கு வயது என்பது இரண்டாம் படிவம். ஆறாம் ஆண்டில் நாம் வழியனுப்பி வைத்த பிள்ளையின் முகம் அதற்குள் எவ்வளவு மாறிவிடும்?

இவ்வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். துப்பாக்கி என்ற சொல்லுக்குச் சட்டம் அகலமான பொருள் தரலாம், தரவும் வேண்டும். குறுகிய பொருள் தந்த அமெரிக்கா எவ்வளவு தொல்லைப்பட்டது என்று பார்த்தோம். ஆனால், வலை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு வகை வகையான மீன்கள் சிக்கும். கொள்ளையனும் சிக்குவான், காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க எண்ணியவனும் சிக்குவான், அறியாச் சிறுவனும் சிக்குவான். சாபாவில் குழாயும் கட்டையும் கொண்டு செய்யப்படும் 'பக்காக்கூக்' என்னும் வேட்டைத் துப்பாக்கியை எண்ணுங்கள். தமிழகத்து மலையோரச் சிற்றூர்களின் நாட்டுத் துப்பாக்கியும் அத்தகையதே. அவற்றைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். தவறுதலாக வெடித்தாலும் உயிர் உயிர்தானே? ஆயினும், சிக்கிய எல்லாரையும் ஒரே தராசில், ஒரே எடைக்கல்லால் நிறுப்பது நீதியாகாது. சொல் அகலமானால், தண்டனையை அளந்து வழங்கும் உரிமையும் நீதிபதியிடம் இருக்க வேண்டும்.

நம் நாடு அந்த இடத்திற்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் அகற்றப்பட்டது. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் 2023 ஜூலை 4ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதன் வழித் திருத்தப்பட்ட சட்டங்களுள் ஆயுதச் சட்டம் 1960உம் ஒன்று. கணபதி தூக்கிலிடப்பட்டு 74 ஆண்டுகளுக்குப் பின்னர்!

வீட்டிலும் வகுப்பிலும்

'இதற்கும் நம் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கலாம். 2022 ஜூலை 8ஆம் நாள், ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே வீட்டில் செய்த துப்பாக்கியால் கொல்லப்பட்டார். துப்பாக்கிக் கட்டுப்பாடு மிகக் கடுமையான நாடு அது. முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவாக்கப்பட்ட கைத்துப்பாக்கியின் வரைபடம் 2013லேயே இணையத்தில் வெளிவந்துவிட்டது. கருவி கடையில் இல்லை என்பது இனிப் பாதுகாப்பாகாது.

நம் சிறுவர்கள் கைபேசியில் வாங்க விரும்பும் 'விளையாட்டு'த் துப்பாக்கிகள் சில அசலைப் போலவே இருக்கின்றன. அவை சட்டத்தின் பார்வையில் விளையாட்டுப் பொருளாக இல்லாமல் போகலாம். நோன்புப் பெருநாள், தீபாவளி நாள்களில் மூங்கில் பீரங்கியும் கார்பைடு பீரங்கியும் செய்து கைவிரலை இழந்த பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். வெடிபொருள் சட்டம் 1957 அதையும் தடுக்கிறது.

பெற்றோர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று:

1. இணையத்தில் பிள்ளைகள் வாங்கும் பொருளைப் பெட்டி பிரிக்கும்போது உடனிருந்து பாருங்கள். உதிரி உறுப்பு என்று அலட்சியப்படுத்த வேண்டா.

2. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் 'எப்படிச் செய்வது?' என்று கற்பிக்கும் நாம், 'எதைச் செய்யக்கூடாது, ஏன்?' என்பதையும் சேர்த்துச் சொல்வோம். கைத்திறன் மிக்க பிள்ளைக்குத்தான் அந்த அறிவு முதலில் வேண்டும்.

3. கணபதியின் கதையையும் சம்பாசிவத்தின் வழக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வீரக் கதையாக மட்டும் சொல்ல வேண்டா. ஒரு சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் ஒரு மனிதனின் உயிரை எப்படித் தாங்குகிறது என்பதைக் காட்டும் பாடமாகச் சொல்லுங்கள்.

சொல்லின் பொருளைச் சரியாக அறிவது தேர்வுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் கருத்துகளை அறிய ஆவலாய் உள்ளேன்.