பக்கக் கூலி: அமெரிக்கக் காமிக்ஸில் உதிரி ஓவியர்களின் வரலாறு

அமெரிக்கக் காமிக்ஸ் தொழில் தொடக்கம் முதலே உதிரி ஓவியர்களை நம்பி நடந்துவருகிறது. பதிப்பகத்தின் ஆசிரியருக்கும் கணக்கருக்கும் மாதச் சம்பளம். படம் வரைபவருக்கு மட்டும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. வரைந்த பக்கங்களைக் கொடுத்துக் காசோலையை வாங்கியதோடு அவருக்கும் கதைக்கும் உள்ள உறவு முடிந்துவிடும். பாத்திரத்தின் உரிமை, வரைந்த அசல் தாள், படைத்தவர் என்ற பெயர் ஆகிய மூன்றும் பதிப்பகத்திடம் தங்கிவிடும். இந்த மூன்றில் ஒவ்வொன்றாக ஓவியர்கள் மீட்க முயன்ற கதையே இத்தொழிலின் வரலாறு.

பட்டறைகளின் காலம்

1930-களின் தொடக்கத்தில் காமிக்ஸ் புத்தகம் என்றால் நாளிதழ்களில் வந்த படக்கதைகளின் மறுபதிப்புதான். 1935-ல் மேஜர் மால்கம் வீலர்-நிக்கல்சன் ‘நியூ ஃபன்’ என்ற இதழில் புதிதாக வரையப்பட்ட கதைகளை வெளியிட்டார். பெருமந்தத்தால் வேலை கிடைக்காத காலம் அது. மறுபதிப்பு உரிமைக்குப் பணம் கட்டுவதைவிட, வேலை தேடி அலையும் இளைஞர்களிடம் புதுப் படங்களை வாங்குவது பதிப்பாளர்களுக்குக் கட்டுபடியாயிற்று.

படம் வரைந்து தருவதற்கென்றே நியூயார்க்கில் பட்டறைகள் தோன்றின. ஹாரி செஸ்லர் ஒன்றை நடத்தினார். வில் ஐஸ்னரும் ஜெர்ரி ஐகரும் 1936-ல் இன்னொன்றைத் தொடங்கினர். வரிசையாகப் போட்ட மேசைகளில் ஒருவர் பென்சிலில் வரைவார், அடுத்தவர் இண்டியன் இங்க் தீட்டுவார், மற்றொருவர் பேச்சுக் குமிழிகளில் எழுத்து எழுதுவார். முடிந்த பக்கங்கள் பதிப்பாளர்களுக்கு விற்கப்படும். யூத, இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். விளம்பர நிறுவனங்களும் பளபளப்பான வார இதழ்களும் அவர்களுக்கு எளிதில் இடம் தரவில்லை. காமிக்ஸ் பட்டறையோ யார் வந்தாலும் பென்சிலைக் கொடுத்தது. பின்னாளில் புகழ்பெற்ற ஜாக் கர்பி, பாப் கேன் ஆகியோர் ஐஸ்னர் – ஐகர் பட்டறையில் வேலை பார்த்தவர்கள்.

இப்படிப் பிரிந்த வேலைமுறை இன்றும் தொடர்கிறது: பென்சில், மை, எழுத்து, வண்ணம். ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனிக் கூலி. வேகமாக அச்சேற வேண்டிய மாத இதழுக்கு இது வசதி. ஆனால் ஒரு பக்கம் பல கைகளைக் கடந்து வரும்போது, அது தன்னுடையது என்று எவரும் உரிமை கோருவது கடினமாயிற்று.

நூற்று முப்பது டாலர்

கிளீவ்லாந்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஜெர்ரி சீகலும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேன் கதையை நாளிதழ் முகமைகளிடம் ஆண்டுக்கணக்கில் காட்டித் தோற்றவர்கள். 1938 மார்ச்சில், பின்னாளில் டிசி ஆன டிடெக்டிவ் காமிக்ஸ் நிறுவனம் 13 பக்கங்களை வாங்கிக்கொண்டது. பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 130 டாலர். அதனுடன் பாத்திரத்தின் உரிமை முழுவதையும் அவர்கள் எழுதிக் கொடுத்தனர். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வந்த அந்தக் கதை ஒரு புதுத் தொழிலையே உண்டாக்கியது. இருவருக்கும் தொடர்ந்து வேலையும் நல்ல வருமானமும் கிடைத்தன. ஆனால் வானொலி, திரைப்படம், பொம்மை என்று சூப்பர்மேன் ஈட்டிய பெரும்பணத்தில் உரிமைப் பங்கு கிடையாது. 1947-ல் வழக்குத் தொடுத்தார்கள். மறு ஆண்டு ஏறத்தாழ 94,000 டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. அத்தோடு அவர்கள் வேலையும் போயிற்று, கதையின் தலைப்பிலிருந்து பெயரும் போயிற்று.

இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. 1940-ல் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்பாக ‘தி ஸ்பிரிட்’ கதையைத் தொடங்கியபோது, பாத்திரம் தனக்கே உரியது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார் ஐஸ்னர். அவருக்கு அதற்குள் ஒரு பட்டறை நடத்திய அனுபவம் இருந்தது. வேண்டாம் என்று எழுந்து போகும் வசதியும் இருந்தது. கிளீவ்லாந்து இளைஞர்களுக்கு அது இல்லை.

பெயரில்லாத கைகள்

உரிமை போனதோடு பெயரும் பலருக்குக் கிடைக்கவில்லை. டிஸ்னியின் டொனால்ட் டக் காமிக்ஸை 1940-களின் தொடக்கம் முதல் 1966 வரை வரைந்த கார்ல் பார்க்ஸ் 1947-ல் அங்கிள் ஸ்க்ரூஜ் பாத்திரத்தை உருவாக்கினார். அவர் கதைகளில் டிஸ்னியின் பெயர் மட்டுமே இருந்தது. வாசகர்கள் கோட்டின் அழகை வைத்தே அவரை அடையாளம் கண்டு, ‘நல்ல வாத்து ஓவியர்’ என்று குறிப்பிட்டார்கள். பேட்மேன் கதைகளில் பாப் கேன் கையெழுத்து மட்டுமே இருந்தது. வேறு பலர் அவருக்காக மறைவில் நின்று வரைந்தார்கள். பாத்திரத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்ட எழுத்தாளர் பில் ஃபிங்கரின் பெயர் 2015-ல்தான் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது.

பிரிட்டனிலும் இதே வழக்கம்தான். அங்குள்ள இதழ்களுக்கு ஸ்பெயின், இத்தாலி நாட்டு உதிரி ஓவியர்கள் அஞ்சலில் பக்கங்களை அனுப்பினார்கள். இதழில் பெயர் வராது. 1962-ல் ‘வேலியன்ட்’ இதழில் தொடங்கிய ‘தி ஸ்டீல் க்ளா’ தொடரை வரைந்தவர் பார்சலோனாவின் ஹெசூஸ் பிளாஸ்கோ. சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972-ல் தன் முதல் இதழாக வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’ அந்தத் தொடர்தான். மாயாவியின் இரும்புக் கையைத் தெரிந்த தமிழ் வாசகர் பலருக்கு அதை வரைந்த கையைத் தெரியாது. பிரிட்டனில் 1977-ல் ‘2000 ஏ.டி.’ இதழ் ஓவியர் பெயர்களை அச்சிடத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது.

வேலை வறண்ட ஆண்டுகள்

1954-ல் உளவியல் மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம், சிறுவர் குற்றங்களுக்குக் காமிக்ஸே காரணம் என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்க மேலவையின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் அவசரமாகக் ‘காமிக்ஸ் கோட்’ என்ற சுயதணிக்கையை ஏற்றனர். திகில், குற்றக் கதைகள் நின்றன; பல பதிப்பகங்கள் மூடப்பட்டன. 1957-ல் பின்னாளில் மார்வெல் ஆன நிறுவனத்தின் விநியோக ஏற்பாடு சரிந்தது. கையிருப்பில் இருந்த பக்கங்களைத் தீர்க்கும்வரை புதிய வேலை இல்லை என்று ஓவியர்களுக்குச் சொல்லப்பட்டது. உதிரி ஓவியருக்கு வேலைநீக்கக் கடிதம் தேவையில்லை. தொலைபேசி ஒலிக்காமல் இருந்தாலே போதும். பலர் விளம்பரத் துறைக்கும் வேறு தொழில்களுக்கும் போனார்கள்.

1961 முதல் ஸ்டான் லீயுடன் சேர்ந்து ஜாக் கர்பியும் ஸ்டீவ் டிட்கோவும் வரைந்த கதைகளால் மார்வெல் மீண்டும் எழுந்தது. இங்கே ஒரு புது முறை வந்தது. லீ கதைச் சுருக்கம் மட்டும் சொல்வார். ஓவியர் காட்சிகளைப் பிரித்துக் கதையை நடத்தி முழுப் பக்கங்களாக வரைந்து தருவார். பிறகு லீ வசனம் எழுதுவார். கதை சொல்லும் வேலையில் பாதி ஓவியரின் தோளில் ஏறியது. கூலி மட்டும் படத்துக்கு. டிட்கோ 1960-களின் நடுவிலும் கர்பி 1970-லும் மார்வெலை விட்டு விலகினர்.

சட்டமும் காசோலையும்

1909-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ், ஒருவர் கேட்டு, அவர் செலவில் செய்யப்பட்ட படைப்பு அவருக்கே சொந்தம் என்று நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. ‘கூலிக்குச் செய்த படைப்பு’ என்ற இந்தக் கருத்து பதிப்பாளர்களுக்கு வசதியாக இருந்தது. உரிமை முழுவதையும் தருகிறேன் என்ற வாசகத்தைக் காசோலையின் பின்புறம் முத்திரையாகக் குத்தும் வழக்கமும் இருந்தது. பணம் வாங்கக் கையெழுத்திட்டால் அதுவே ஒப்பந்தம்.

1978 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. உதிரி ஓவியரின் வேலை ‘கூலிக்குச் செய்த படைப்பு’ ஆக வேண்டுமானால், இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்று அது கூறியது. ஓவியர்களைக் காக்க வந்த விதி அவர்களுக்கே நெருக்கடியாயிற்று: மார்வெல் உடனே ஓர் ஒப்பந்தத்தை நீட்டியது, கையெழுத்திடாதவருக்கு வேலை இல்லை. ஓவியர் நீல் ஆடம்ஸ் அந்த ஆண்டு சங்கம் ஒன்றை அமைக்க முயன்றார். அது நிலைக்கவில்லை. ஒருவர் மறுத்தால் அந்தப் பக்கத்தை வரையப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். 1970-களின் தொடக்கத்திலிருந்தே டிசி நிறுவனம் மணிலாவின் திறமையான ஓவியர்களுக்குக் குறைந்த கூலியில் வேலை அனுப்பிவந்தது. மேலும், உதிரி ஓவியர் சட்டப்படித் தொழிலாளி அல்ல, தனி வணிகர். அவர்கள் கூடி விலை பேசினால் அது போட்டித் தடைச் சட்டத்தோடு மோதும்.

ஆடம்ஸ் வென்ற போராட்டம் வேறொன்று. 1975-ல் சூப்பர்மேன் திரைப்படம் தயாராகிவந்தபோது, பார்வை மங்கிய ஷஸ்டரும் வறுமையில் இருந்த சீகலும் தங்கள் கதையைப் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். ஆடம்ஸும் மூத்த ஓவியர் ஜெர்ரி ராபின்சனும் அவர்களுக்காகப் பேசினர். டிசியின் தாய்நிறுவனமான வார்னர் அந்த டிசம்பரில் இருவருக்கும் ஆண்டுக்குத் தலா 20,000 டாலரும் மருத்துவ வசதியும் தர ஒப்புக்கொண்டது. படைத்தவர்கள் என்ற பெயரும் திரும்ப வந்தது.

அசல் தாள்

அச்சுக்குப் போய்வந்த அசல் பக்கங்களைப் பதிப்பகங்கள் நெடுங்காலம் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. கிடங்கில் போட்டன, கேட்டவருக்குக் கொடுத்தன, சில வெட்டி எறியப்பட்டன. இரசிகர் மாநாடுகளில் அசல் பக்கங்களுக்கு விலை ஏறியபோதுதான் அவை ஓவியரின் இரண்டாவது வருமானம் என்பது தெரிந்தது. 1970-களில் டிசியும் மார்வெலும் புதிய பக்கங்களைத் திருப்பித் தரத் தொடங்கின. பழைய பக்கங்கள் தகராறாயின. மற்றவர்களிடம் சிறு ஒப்புதல் தாள் மட்டும் கேட்ட மார்வெல், கர்பியிடம் நீண்ட உரிமைவிடுப்புப் பத்திரம் கேட்டது. ஓவியர்கள் பலர் அவர் பக்கம் நின்றனர். 1987-ல் ஏறத்தாழ 2,000 பக்கங்கள் அவரிடம் வந்து சேர்ந்தன. அவர் வரைந்திருந்தவை 10,000-க்கும் மேல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் அசைபடத் துறைக்கு மாறியிருந்தார். காமிக்ஸ் தராத மருத்துவக் காப்பீட்டை அது தந்தது.

வேறு வாசல்

நிலைமை மாறியது விற்பனை முறை மாறியதால். 1973-ல் ஃபில் சூலிங் காமிக்ஸ் கடைகளுக்கு நேரடியாக விற்கும் முறையைத் தொடங்கினார். பத்திரிகைக் கடைகளைப் போல விற்காத பிரதியைத் திருப்ப முடியாது. எனவே எத்தனை விற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. சிறு பதிப்பகங்கள் துணிந்து இறங்கின. 1981-ல் பசிபிக் காமிக்ஸ், உரிமையைக் கர்பியிடமே விட்டு அவருடைய புதிய தொடரை வெளியிட்டது. அதே ஆண்டு டிசி, ஒரு லட்சத்துக்கு மேல் விற்கும் பிரதிகளுக்கு ராயல்டி அறிவித்தது, மார்வெலும் பின்தொடர்ந்தது. 1984-ல் கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லேர்டும் தாங்களே அச்சிட்ட ‘நிஞ்ஜா டர்ட்டில்ஸ்’ முதல் பதிப்பு 3,000 பிரதிகள்தான். சொந்தப் பாத்திரம் எவ்வளவு தரும் என்பதை அது காட்டியது. 1988-ல் நார்த்தாம்ப்டனில் கூடிய ஓவியர்கள், ஸ்காட் மெக்ளவுட் வரைவெழுதிய ‘படைப்பாளர் உரிமைப் பட்டியல்’ ஒன்றை வெளியிட்டனர்.

1992-ல் மார்வெலின் முன்னணி ஓவியர்கள் ஏழு பேர் விலகி இமேஜ் காமிக்ஸை நிறுவினர். அவர்களில் ஒருவரான ஜிம் லீ வரைந்த ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் முந்தைய ஆண்டுதான் 80 இலட்சம் பிரதிகளைத் தாண்டியிருந்தது. இமேஜ் முத்திரையைத் தவிர எதையும் அந்த நிறுவனம் சொந்தமாக வைத்துக்கொள்ளாது, பாத்திரம் படைத்தவருக்கே. ஆனால் அந்த நிறுவனர்களின் பட்டறைகளும் விரைவில் பிற ஓவியர்களைப் பக்கக் கூலிக்கு அமர்த்தின. சில ஆண்டுகளில் சந்தை சரிந்தது. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனு கொடுத்தது. முதுமையில் நோயோடும் வாடகையோடும் போராடிய ஓவியர்களுக்கு உதவ 2000-ல் ஓர் அறக்கட்டளை தோன்றியது. இன்று அது ‘ஹீரோ இனிஷியேட்டிவ்’.

பழைய வழக்குகள் நீண்டன. 2009-ல் கர்பியின் வாரிசுகள் உரிமையைத் திரும்பக் கேட்டு அறிவிப்பு அனுப்பினர். அவர் செய்தது கூலிக்குச் செய்த வேலையே என்று 2011-லும் 2013-லும் நீதிமன்றங்கள் கூறின. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுப்பதா என்று முடிவு செய்யவிருந்த நேரத்தில், 2014 செப்டம்பரில் சமரசம் ஆயிற்று.

இன்றைய நிலை

இணையம் வந்தபின் பிரேசில், ஸ்பெயின், இத்தாலி, பிலிப்பைன்ஸ் ஓவியர்கள் நியூயார்க்குக்குப் போகாமலே மார்வெலுக்கும் டிசிக்கும் வரைகிறார்கள். திரையில் வரைபவருக்கு அசல் தாள் என்று ஒன்று இல்லை. விற்பதற்கு ஒரு பொருள் குறைந்தது. அசல் தாளின் விலையோ ஏறிக்கொண்டே போனது: 1984-ல் வெளிவந்த ‘சீக்ரெட் வார்ஸ்’ இதழின் ஒரே பக்கம் 2022-ல் 33.6 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

பெரிய நிறுவனங்களின் புகழ்பெற்ற பாத்திரங்களை வரையும் ஓவியருக்கு இன்றும் பக்கக் கூலிதான்; அதோடு ராயல்டியும் பெயரும் உண்டு, பாத்திரத்தின் உரிமை இல்லை. சொந்தக் கதையை வெளியிடுபவருக்கு உரிமை முழுவதும் உண்டு. ஆனால் பல மாதம் கூலி இல்லாமல் வரைய வேண்டும். எனவே பலர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்கிறார்கள்: கூலிப் பக்கம் வீட்டு வாடகைக்கு, சொந்தப் பக்கம் பின்னாளைக்கு.