வளரியும் வட்டும்

துடியலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் தட்டு கோல்ஃப் ஆட்டத்தில் மோகங்கொண்டு, அதில் எறியும் 'டிரைவர்' எனப்படும் நெடுந்தூர வட்டை வாங்க எண்ணி, உறுதிமிக்க பிளாஸ்டிக்கா, பிடிக்கு இணங்கினும் விரைவில் தேய்ந்துவிடும் மலிவுப் பிளாஸ்டிக்கா, 150 கிராமா, 175 கிராமா என்று தயங்குவாரானால், அந்த விசாரம் நம் தேசத்துக்குப் புதிதன்று; வளரி என்னும் எறிபடையே அதற்குச் சான்று.

சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் வழங்கிய வளரி, பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தாலும், சிறுபான்மை இரும்பாலும், பிறைவடிவாக, ஒரு முனை கனத்தும் மறுமுனை இலேசாகவும் சமைக்கப்பட்டது. இலேசான முனையைப் பற்றித் தோளுக்குமேல் சிலமுறை சுழற்றி எறிவார்கள். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகம் சேர்ந்த தந்த வளரிகள், போருக்கன்றி அந்தஸ்துக்கே ஆனவை என்பது என் அபிப்பிராயம்.

சிவகங்கைச் சீமையை ஆண்ட சின்ன மருதுவிடம் வளரி எறியும் வித்தையைக் கற்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, தேர்ந்தவன் கையில் அது நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்று 1830-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அவரே 1801-இல் தம் ஆசானுக்கு எதிரான படையில் நின்றார் என்பது விதியின் விநோதம்!

வட்டுக்கோ வயது குறைவு: விளிம்பு சரிந்த முதல் வட்டு 1983-இல் அமெரிக்காவில் தோன்றியது. கனத்த வட்டு எதிர்க்காற்றைத் தாங்கும்; கைவேகம் குறைந்தவருக்கு இலேசானதே அனுகூலம்.

வளரியோ அருகிப்போயிற்று: மானிடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலின்படி, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அப்போதே வளரி நிபுணர் எவருமில்லை. முயல், காட்டுக்கோழி வேட்டைக்கு மட்டும் அது எப்போதாவது பயன்பட்டு வந்தது.